காய்ச்சலோடு பள்ளிக்கு வரலாமா?

மாணவர் ஒருவருக்குத் தொற்றுநோய் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதில் நம்மில் யாருக்கும் குழப்பம் இல்லை. கையில் ஒரு சின்னம்மைக் கொப்புளம் தெரிந்தால் போதும், பெற்றோருக்குத் தொலைபேசி போகிறது. அரை மணி நேரத்தில் பிள்ளை வீட்டில் இருக்கும். கண் சிவந்து வந்த மாணவியை வகுப்பு வாசலிலேயே நிறுத்தி விடுகிறோம். அதே கண்நோய் ஆசிரியருக்கு வந்தால்? கறுப்புக் கண்ணாடி அணிந்து கரும்பலகை முன் நிற்கிறார். காய்ச்சல் என்றால் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு முதல் பாடவேளைக்கு வந்துவிடுகிறார். மதியம் முடியாமல் போனால் அரை நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த அரை நாளில் மூன்று வகுப்புகளுக்குப் போயிருப்பார், நாற்பது ஐம்பது நோட்டுகளைத் திருத்தியிருப்பார், ஆசிரியர் அறையில் எல்லோரோடும் உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பார்.

ஒரு மாணவரைவிட ஆசிரியர் அதிகம் பேரைச் சந்திக்கிறார். ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாள் முழுவதும் ஒரே அறையில் நாற்பது பேரோடு இருக்கிறார். உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் ஒரே நாளில் ஐந்து பிரிவுகளுக்குப் போனால் இருநூறு பேர் முன்னால் உரத்த குரலில் பேசுகிறார். தொடக்கப் பள்ளியில் எண்ணிக்கை குறைவு, நெருக்கம் அதிகம். ‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் தரையில் வட்டமாக உட்கார்ந்து, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். மூக்கைத் துடைத்துவிடுகிறோம். இதைவிட எளிதாக ஒரு கிருமிக்கு வழி கிடைக்காது.

ஆசிரியரின் நோய் ஆசிரியரின் சொந்த விஷயம் என்று நினைக்கும் பழக்கத்தால்தான் இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. ‘தாங்க முடிகிறதா, நிற்க முடிகிறதா’ என்பதுதான் பள்ளிக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய நாம் வைத்திருக்கும் அளவுகோல். அது தவறான அளவுகோல். ஒருவருக்கு எவ்வளவு முடியவில்லை என்பதும், அவரிடமிருந்து நோய் எவ்வளவு பரவும் என்பதும் ஒரே நாளில் உச்சத்தில் இருப்பதில்லை.

எந்த நாளில் பரவுகிறது?

சளிக்காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். இன்ஃப்ளூயன்சா வைரஸ் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அறிகுறி தெரிந்த முதல் மூன்று நான்கு நாள்களில் பரவல் மிக அதிகம். ஐந்து முதல் ஏழு நாள் வரை நீடிக்கலாம். முதல் நாள் ‘லேசாகத்தான் இருக்கிறது’ என்று பள்ளிக்கு வந்து, மூன்றாம் நாள் படுத்துவிட்டு, ஆறாம் நாள் திரும்புவது நம் வழக்கம். அதாவது பரப்புவதற்குத் தோதான நாளில் பள்ளியில் இருக்கிறோம். பரவல் குறைகிற நாள்களில் வீட்டில் இருக்கிறோம். விடுப்பு செலவாகிறது, பயன் கிடைப்பதில்லை.

திரும்பி வரும் நாளுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. காய்ச்சல் மாத்திரை எதுவும் போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். மற்ற தொல்லைகளும் குறைந்து வர வேண்டும். ‘மாத்திரை போடாமல்’ என்பதுதான் இதில் உயிர்நாடி. பாராசிட்டமால் வெப்பத்தை இறக்குகிறது. வைரஸை அது தொடுவதே இல்லை. எட்டு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கு வரும் ஆசிரியரின் உடல் தொட்டால் குளிர்ந்திருக்கும், தொற்று அப்படியே இருக்கும். திரும்பிய பிறகும் சில நாள் இருமல் தொடர்ந்தால் முகக்கவசம் அணிவது நல்லது. 2021இல் அதை அணிந்துகொண்டே பாடம் நடத்தியவர்கள்தானே நாம்.

சளிக்காய்ச்சல் சின்ன விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2023 மார்ச்சில் எச்3என்2 வகைக் காய்ச்சல் பரவியபோது புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை 16ஆம் தேதி முதல் 26ஆம் தேதி வரை விடுமுறை விட்டார்கள். ஆண்டுத் தேர்வை ஒட்டிய நாள்கள் அவை.

சின்னம்மையில் கொப்புளம் தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்று தொடங்குகிறது. எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொடர்கிறது. பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள். பெரியவர்களுக்கு இன்னும் சில நாள் கூடலாம். புதிய கொப்புளம் ஒன்று வந்தாலும் கணக்கு நீளும். நம் ஊர்களில் அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகுவதும், வெளியார் உள்ளே வராமல் இருப்பதும், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை நோயாளி வெளியே போகாமல் இருப்பதும் உண்டு. நம்பிக்கையின் வழியாக வந்த தனிமைப்படுத்தல் அது, பெரும்பாலும் நாள் கணக்கும் சரியாகவே இருக்கும். இந்த ஒரு நோய்க்குத்தான் ஆசிரியர்கள் தயக்கமில்லாமல் விடுப்பு எடுக்கிறார்கள், யாரும் கேள்வி கேட்பதும் இல்லை. மற்ற நோய்களுக்கு வாசலில் வேப்பிலை இல்லை, அதுதான் சிக்கல்.

தட்டம்மையில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாள் முன்பும் நான்கு நாள் பின்பும் தொற்று உண்டு. காற்றில் பரவும் நோய்களில் இதைப் போல வேகமானவை மிகச் சில. பொன்னுக்கு வீங்கி எனப்படும் புட்டாளம்மையில் கன்னம் வீங்கியதிலிருந்து ஐந்து நாள் வீட்டில் இருக்க வேண்டும். அரசின் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு, புட்டாளம்மைக்கு இல்லை. ஆகவே தனியாரிடம் போட்டுக்கொண்டவர்களையும் முன்பே நோய் வந்து போனவர்களையும் தவிர நம் மாணவர்களில் பலருக்கு அதிலிருந்து பாதுகாப்பு கிடையாது.

வயிற்றுப்போக்கும் வாந்தியும் நின்ற பிறகு 48 மணி நேரம் கழித்தே திரும்ப வேண்டும். நின்ற உடனே ‘சரியாகிவிட்டது’ என்று வருவதுதான் எங்கும் நடக்கிறது. மஞ்சள் காமாலையில், ஏ வகைக் கிருமியால் வருவதாக இருந்தால், கண் மஞ்சளாவதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் பரவல் அதிகம். மஞ்சள் தெரிந்த பின் ஒரு வாரம் விலகியிருந்தால் போதும். அதற்கு மேல் எடுக்கும் ஓய்வு நோயாளியின் உடம்புக்காக, பிறருக்காக அல்ல.

‘மெட்ராஸ் ஐ’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1918இல் சென்னையில் பதிவான கண்நோய் என்பதால் ஊர்ப் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டது. பார்த்தால் தொற்றும் என்று பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்வையால் அது பரவாது. கண்ணைத் தொட்ட கை, துண்டு, கைக்குட்டை, சாக்பீஸ், கைப்பிடி இவற்றின் வழியாகத்தான் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி வெளிச்சக் கூச்சத்துக்கு நல்லது, தொற்றுக்கு அது தடை இல்லை. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு பள்ளிகளுக்குத் தந்துள்ள வழிகாட்டுதலில் கண்நோய்க்காக மாணவரையோ ஊழியரையோ விலக்கி வைக்கத் தேவையில்லை என்றே இருக்கிறது. கை கழுவினால் போதுமாம். அங்கே வகுப்பறைக்கு அருகிலேயே சோப்பும் குழாயும் இருக்கலாம். நூறு பிள்ளைகளுக்கு இரண்டு குழாய் இருக்கும் இடத்தில் அந்த வழிகாட்டுதலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கண் சிவந்து நீர் வடிகிற முதல் சில நாளாவது வீட்டில் இருப்பதே சரி என்பது என் கருத்து.

அதே வழிகாட்டுதலில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய வேறு ஒன்று உண்டு. நோய்வாரியாக எத்தனை நாள் என்று தரும் அட்டவணை மாணவருக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று என்று இல்லை. இருவருக்கும் ஒரே அட்டவணைதான்.

விடுப்பு விதி என்ன சொல்கிறது?

இனி நம் கணக்குக்கு வருவோம். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 3 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு, கோடை விடுமுறை பெறும் துறை என்பதால் 17 நாள் ஈட்டிய விடுப்பு, பணிக்காலத்தைப் பொறுத்து மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு. இவற்றில் ஒரு காய்ச்சலுக்கு எதை எடுப்பது?

பெரும்பாலோர் தற்செயல் விடுப்பைத்தான் எடுக்கிறார்கள். வகுப்புக்குள் போகும் முன் ஒரு கடிதம், முடிந்தது. ஆனால் ஒரு சளிக்காய்ச்சலுக்கு ஐந்து நாள் என்றால் 12இல் ஐந்து போய்விடுகிறது. வீட்டுத் திருமணம், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை, பெற்றோரின் மருத்துவம் எல்லாம் மிச்சம் ஏழு நாளுக்குள் அடங்க வேண்டும். எனவே ஜூலையில் வரும் காய்ச்சலுக்கு ஐந்து நாள் தேவைப்பட்டால் இரண்டு நாள் எடுக்கிறோம், மூன்றாம் நாள் மாத்திரையோடு வருகிறோம். விதி யாரையும் காய்ச்சலோடு வரச் சொல்லவில்லை. கணக்கு சொல்கிறது.

இங்கே ஒரு விதியை நினைவில் வைக்க வேண்டும். தற்செயல் விடுப்பை மருத்துவ விடுப்போடோ ஈட்டிய விடுப்போடோ சேர்த்து எடுக்க முடியாது. இரண்டு நாள் தற்செயல் விடுப்பு எடுத்த பிறகு காய்ச்சல் நீடித்தால், மூன்றாம் நாளிலிருந்து மருத்துவ விடுப்பு என்று தொடர முடியாது. முதல் நாளிலிருந்தே மருத்துவ விடுப்பாக மாற்ற வேண்டியிருக்கும். அப்போது முதல் நாள் தேதியில் சான்று இருக்காது. மருத்துவரைப் பார்த்ததே மூன்றாம் நாளாக இருக்கும். இந்தச் சிக்கலுக்கு அஞ்சியே பலர் மூன்றாம் நாள் கையெழுத்துப் போட வந்துவிடுகிறார்கள். வழி ஒன்றுதான். தொற்றக்கூடிய காய்ச்சல் என்று சந்தேகம் வந்த முதல் நாளே மருத்துவரைப் பார்த்து, எத்தனை நாள் ஓய்வு என்பதைச் சான்றில் எழுதி வாங்கிவிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே போதும். அந்தச் சான்று கையில் இருந்தால் எந்த விடுப்பு என்பதைப் பிறகு அமைதியாக முடிவு செய்யலாம்.

மருத்துவ விடுப்பு முடிந்து திரும்பும்போது உடற்தகுதிச் சான்று தர வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நடைமுறையில் அது ஒரு தாள், சேரும் நாளுக்கு ஏற்றபடி எழுதி வாங்கப்படுகிறது. அந்தச் சான்றை வாங்கப் போகும்போது மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டுவிடலாம்: ‘நான் வேலை செய்யலாமா’ என்பதோடு ‘என்னிடமிருந்து பிள்ளைகளுக்குப் பரவுமா’ என்றும். இரண்டுக்கும் விடை எப்போதும் ஒன்றாக இருக்காது.

மருத்துவ விடுப்பை எடுக்கத் தயங்குவதற்கு வேறு காரணமும் உண்டு. நம் பணி நிறைவுப் பாராட்டு விழாக்களைக் கவனித்திருப்பீர்கள். ‘முப்பது ஆண்டுப் பணியில் ஒருநாள்கூட மருத்துவ விடுப்பு எடுக்காதவர்’ என்று மேடையில் சொல்வார்கள், கைதட்டல் எழும். அந்தக் கைதட்டலில் எனக்கு உடன்பாடு இல்லை. நோயே வராமல் இருந்தால் மகிழ்ச்சி. நோய் வந்தும் வந்திருந்தால், அதற்கான விலையை யாரோ ஓர் இரண்டாம் வகுப்புப் பிள்ளை கொடுத்திருக்கும். ஈட்டிய விடுப்பை 240 நாள் வரை சேர்த்து ஓய்வின்போது பணமாக்கலாம் என்பதால் அதைத் தொடாமல் வைத்திருப்பதும் புரிகிறது. குடும்பச் சூழ்நிலைக்கு அது உதவும். ஆனால் அதைக் காப்பதற்காகத் தொற்றோடு வகுப்புக்கு வருவது வேறு.

வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால்

நம் விதிகளில் பலர் கவனிக்காத ஓர் ஏற்பாடு இருக்கிறது. அரசு ஊழியருக்கு நோய் இல்லை, ஆனால் அவர் வீட்டில் ஒருவருக்குத் தொற்றுநோய் என்றால், விதியில் குறிப்பிட்ட நோய்களுக்குச் சிறப்பு தற்செயல் விடுப்பு உண்டு. 12 நாள் கணக்கில் அது சேராது. பிளேக்கும் காலராவும் பெரியம்மையும் ஊர்களை வெறிச்சோட வைத்த காலத்து ஏற்பாடு அது. அந்த விதியை எழுதியவர்கள் ஒன்றைத் தெளிவாகப் புரிந்திருந்தார்கள்: நன்றாக நடமாடும் ஒருவரும் அலுவலகத்துக்கு நோயைக் கொண்டுவரக் கூடும், அவர் விலகியிருப்பது பிறர் நலனுக்காக, ஆகவே அந்த நாள்களின் சுமையை அவர் மீது ஏற்றக்கூடாது. 2020இல் கொரோனாவுக்காகத் தனிமைப்படுத்தப்பட்ட ஊழியர்களின் நாள்கள் சிறப்பு தற்செயல் விடுப்பாகக் கருதப்பட்டதும் இதே எண்ணத்தில்தான்.

ஊழியருக்கே நோய் வந்தால் இந்தச் சலுகை பொருந்தாது. அவர் தன் விடுப்பைத்தான் எடுக்க வேண்டும். விதியின் நோக்கத்தோடு பார்த்தால் இது ஒரு முரண். நோய் வந்தவர் விலகியிருப்பதும் பிறர் நலனுக்காகத்தானே? ஆசிரியர் அமைப்புகள் வைக்கும் கோரிக்கைகளில் இதுவும் இடம்பெற்றால் நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் ஆசிரியர் வரக்கூடாது என்பது இல்லை. வீட்டுப் பிள்ளைக்குச் சின்னம்மை, ஆசிரியருக்குச் சிறு வயதிலேயே அது வந்து போயிருக்கிறது என்றால் அவர் பள்ளிக்கு வருவதில் தடையில்லை. முன்பு வராதவர் என்றால் 10 முதல் 21 நாளுக்குள் அவருக்கும் வரக்கூடும். அந்த நாள்களில் உடம்பைக் கவனித்துக்கொண்டு, சிறு காய்ச்சல் தெரிந்தாலே நின்றுவிட வேண்டும்.

கருவுற்றிருக்கும் ஆசிரியைகள் நம் பள்ளிகளில் எப்போதும் இருக்கிறார்கள். கருவுற்ற தொடக்க மாதங்களில் ரூபெல்லா தொற்றினால் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். சின்னம்மையும் அவர்களுக்கு ஆபத்தானது. ‘எனக்கு லேசான அம்மைதான், தாங்கிக்கொள்வேன்’ என்று ஆசிரியர் அறைக்கு வருபவர், பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பிள்ளை வகுப்பில் இருந்தாலும் இதே கவனம் தேவை.

ஈராசிரியர் பள்ளியில் என்ன செய்வது?

இவ்வளவையும் படித்துவிட்டு ஈராசிரியர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் சிரிப்பார் என்று தெரியும். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவருக்குக் குறுவள மையத்தில் பயிற்சி. ‘டீச்சர், நீங்க சும்மா வந்து உட்கார்ந்தா போதும், நான் பயிற்சிக்குப் போயிட்டு மதியம் வந்துடறேன்’ என்று தொலைபேசியில் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரிவதில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பள்ளியைப் பூட்டிவிட்டுப் போக முடியாது.

இந்தப் பிரச்சினையை அந்தக் காலை எட்டு மணிக்குத் தீர்க்க முடியாது, கல்வியாண்டின் தொடக்கத்தில்தான் தீர்க்க முடியும். ஜூன் மாதக் குறுவள மையக் கூட்டத்தில் அருகருகே உள்ள மூன்று நான்கு பள்ளிகள் பேசி வைத்துக்கொள்ளலாம். எந்தப் பள்ளியில் திடீரென ஒருவர் இல்லாமல் போனால் எந்தப் பள்ளியிலிருந்து ஒருவர் வர முடியும் என்று ஒரு தாளில் எழுதி, வட்டாரக் கல்வி அலுவலரின் ஒப்புதலையும் முன்கூட்டியே பெற்றுவிட்டால், நோய் நாளில் ஒரு தொலைபேசி போதும். அன்றைக்குப் பயிற்சி இருந்தால், ‘ஓர் ஆசிரியர் தொற்றுநோயில் இருக்கிறார், மற்றவர் அடுத்த சுற்றில் கலந்துகொள்வார்’ என்று சொல்ல இடம் தர வேண்டும். பயிற்சியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.

பெரிய பள்ளிகளில் ஆள் இருக்கிறார்கள், ஏற்பாடு இருப்பதில்லை. விடுப்பில் இருப்பவரின் பாடவேளைகளைப் பிரித்துக் கொடுக்கும் பதிவேடு எல்லாப் பள்ளியிலும் உண்டு. ஆனால் அந்தப் பாடவேளையில் என்ன செய்வது என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்புக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான பயிற்சித்தாள்களை ஒரு கோப்பில் வைத்திருந்தால், வேறு பாட ஆசிரியர் போனாலும் வகுப்பு வீணாகாது. ‘நான் போகாவிட்டால் பத்தாம் வகுப்பு என்ன ஆகும்’ என்ற கவலைதான் பல நல்ல ஆசிரியர்களைக் காய்ச்சலோடு இழுத்துவருகிறது. அந்தக் கவலைக்கு அறிவுரையைவிட அந்தக் கோப்பு உதவும்.

சாவியையும் சொல்லியாக வேண்டும். சிறிய பள்ளிகளில் பீரோ சாவி, சமையலறைச் சாவி, வருகைப் பதிவுக்கான கைப்பேசியின் கடவுச்சொல் எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கும். அவருக்கு அம்மை வந்தால் சாவிக்காகவாவது யாராவது அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்! மாற்றுச் சாவி ஒன்று இன்னொருவரிடம் இருக்கட்டும்.

தலைமையாசிரியர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வியும் முக்கியம். ‘எப்ப வருவீங்க?’ என்று தொடங்கினால் எதிர்முனையில் இருப்பவர் ‘நாளைக்கு வந்துடறேன் சார்’ என்றுதான் சொல்வார். ‘டாக்டர் என்ன சொன்னார்?’ என்று தொடங்கினால் உண்மை வரும்.

யாரை விலக்கக் கூடாது?

விலகியிருக்க வேண்டியவர் வருவது ஒரு தவறு என்றால், வர வேண்டியவரை விலக்கி வைப்பது அதைவிடப் பெரிய தவறு. டெங்கு கொசுவால் பரவுவது. டெங்கு கண்ட ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு நேரடியாகத் தொற்றாது. அவருக்கு ஓய்வு தேவை, அதற்காக விடுப்பு எடுக்கட்டும். ஆனால் அவர் திரும்பி வந்த பிறகு பக்கத்தில் உட்காரத் தயங்குவது பொருளற்றது. அதைவிடப் பள்ளியின் தண்ணீர்த் தொட்டியை மூடி வைப்பது பயன் தரும்.

காசநோயில்தான் நாம் மிகவும் தடுமாறுகிறோம். நுரையீரல் காசநோய் காற்றில் பரவும். ஆனால் சரியான மருந்தைத் தொடங்கிய பிறகு பரவும் தன்மை விரைவாகக் குறைகிறது. பொதுவாக இரண்டு வாரம் முறையாக மருந்து எடுத்த பிறகு, மருத்துவர் ஒப்புதலோடு வேலைக்குத் திரும்பலாம். மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் மட்டும் மருத்துவர் கூடுதல் நாள் சொல்வார். சிகிச்சை ஆறு மாதம் என்பதால் ஆறு மாதமும் பள்ளிக்கு வரக்கூடாது என்று சக ஆசிரியர்கள் நினைப்பதுண்டு. அப்படி ஒதுக்கினால் என்ன நடக்கும்? அடுத்து வருபவர் தன் இருமலை மறைப்பார், பரிசோதனைக்குப் போக மாட்டார், மாதக்கணக்கில் மூடிய சன்னல்களுக்குள் பாடம் நடத்துவார். உண்மையில் பரவுவது அந்தக் காலத்தில்தான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனைக்குப் போவது, அரசு மருத்துவமனையில் இலவசம், ஆசிரியருக்கும் பொருந்தும்.

எச்.ஐ.வி. வகுப்பறையில் பரவுவதே இல்லை. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் அனுமதியின்றி வெளியிடுவதும் அதற்காக வேலையில் பாகுபாடு காட்டுவதும் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. சிகிச்சை பெறும் தொழுநோயாளியிடமும் அஞ்ச எதுவும் இல்லை.

எந்த நோயானாலும் அதன் பெயர் விடுப்புக் கடிதத்தோடும் சான்றோடும் நிற்க வேண்டும். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ‘இன்னாருக்கு இன்ன நோய், அதனால் வரவில்லை’ என்று போடுவது யாருக்கும் நன்மை தராது. மாணவர்களைக் கவனிக்க வேண்டிய தேவை இருந்தால், ‘எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் சின்னம்மைத் தொடர்பு இருந்திருக்கலாம், காய்ச்சல் கண்டால் சொல்லுங்கள்’ என்று பெற்றோருக்குச் சொல்லலாம். ஆசிரியர் பெயர் அதில் தேவையில்லை. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நோய் தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் தர வேண்டியது தலைமையாசிரியரின் கடமை.

சமையலறை

ஆசிரியர்களைப் பற்றியே பேசிவிட்டோம். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் ஒருசேரத் தொடும் கை ஆசிரியருடையது அல்ல, சமைப்பவருடையது. சத்துணவு மையத்தின் சமையலரும் உதவியாளரும், காலை உணவு சமைக்கும் சுய உதவிக் குழுப் பெண்களும் வயிற்றுப்போக்கோடோ டைஃபாய்டோடோ வந்தால் ஒரே வேளையில் பள்ளி முழுவதற்கும் பரவும். டைஃபாய்டில் காய்ச்சல் இறங்கிய பிறகும் சிலருடைய மலத்தில் கிருமி நீண்ட காலம் இருக்கும். எனவே சமையல் வேலைக்குத் திரும்பும் முன் மலப் பரிசோதனை முடிவைப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் மேரி மேலன் என்ற சமையல்காரப் பெண் இருந்தார். அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லை, ஆனால் அவர் உடலில் டைஃபாய்டு கிருமி இருந்தது. வேலை பார்த்த பெரும்பாலான வீடுகளில் காய்ச்சல் வந்தது. 1907இல் பிடித்துத் தனிமையில் வைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910இல் விட்டார்கள். துணி வெளுக்கும் வேலைக்குப் போனார். அதில் சமையல் வேலை அளவுக்குக் கூலி இல்லை. 1915இல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சமையலறையில் அவரைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு 1938இல் இறக்கும் வரை தனிமைதான். அவரைக் கொடியவராகச் சொல்வதே வழக்கம். சமைக்காதே என்று சொன்னவர்கள் அதற்கு ஈடான கூலி தரும் வேலைக்கு வழி சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் பள்ளிகளிலும் எல்லோருக்கும் ஒரே விடுப்புக் கணக்கு இல்லை. நிரந்தர ஆசிரியருக்கு இருக்கும் மருத்துவ விடுப்பு, தொகுப்பூதியத்தில் இருக்கும் பகுதிநேர ஆசிரியருக்கோ, பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வந்த தற்காலிக ஆசிரியருக்கோ, தூய்மைப் பணியாளருக்கோ, காலை உணவு சமைப்பவருக்கோ அதே அளவில் கிடையாது. வராத நாளுக்கு ஊதியம் போய்விடும் என்றால் அவர்கள் காய்ச்சலோடுதான் வருவார்கள், கேட்டால் ‘ஒன்றுமில்லை சார்’ என்பார்கள். மாதாந்திரப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கலாம்: சமைப்பவர் நோயில் விழுந்தால் குழுவிலிருந்து மாற்றாக வருபவர் யார், நோயில் இருப்பவரின் ஊதியம் அந்த நாள்களுக்கு எப்படிக் காப்பாற்றப்படும் என்று. இந்த இரண்டுக்கும் அங்கே விடை எழுதப்பட்டிருந்தால், காலை ஏழு மணிக்கு அடுப்பு மூட்ட வருபவர் ‘வயிறு சரியில்லை சார்’ என்று வாய் திறந்து சொல்வார்.